ஆறு தேசிக்காயும் ஒரு சொல்லும்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியது ஒன்றுதான்: என் கணவருக்குச் சுகம் வந்துகொண்டிருக்கிறது.

மருந்தை நிறுத்திவிட்டார்கள், நோய் அடங்கினால்தானே மருந்தை நிறுத்துவார்கள்? ஊசி ஏற்றிய கையில் நீலத் தழும்புகள் மங்கத் தொடங்கியிருந்தன. தலையில் பூனைக்குட்டியின் உடம்பில் இருப்பது போல மெல்லிய முடி அரும்பியிருந்தது. எங்காவது போய்வாருங்கள் என்று டொக்ரரே சொல்லிவிட்டார். ஆகவே போகிறோம்.

எல்லோரும் என்று எழுதிவிட்டேன். என்னைத் தவிர எல்லோரும்.

ஐந்தும் ஒன்றும்

கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில், பயணத்துக்கென்று வாடகைக்கு எடுத்த ஆர்.வி. என்ற வீட்டு வண்டி முழுதாக அடங்கவில்லை. பின்புறம் கராஜ் கதவை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருக்க, மூக்கு நடைபாதையைத் தாண்டித் தெருவுக்குள் நீண்டிருந்தது. உள்ளே இரண்டு படுக்கைகள், ஓர் அடுப்பு, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு கழிவறை. வெயிலில் சூடேறிய பிளாஸ்ரிக்கின் மணமும், முன்னர் வாடகைக்கு எடுத்த யாரோ பொரித்த முட்டையின் மணமும் அதற்குள் தங்கியிருந்தன. எதிர்வீட்டுச் சீன முதியவர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வண்டி எடுக்கும் யோசனை மகள் அபியுடையது. வாட்டர்லூவில் வேலை செய்யும் அவள் மூன்று வார விடுமுறையோடு வந்திருந்தாள். "காரிலை அப்பா அவ்வளவு தூரம் இருக்கமாட்டார். இதெண்டால் படுத்துக்கொண்டே வரலாம், பாத்ரூமுக்கும் அலையத் தேவையில்லை. இட்ஸ் பெர்ஃபெக்ட், அம்மா."

யோசனை அவளுடையது, ஊர் அவருடையது. மேற்கே பல நாள் ஓட்டத்தில் இருக்கும் கல்கரி. அங்கேதான் அவருடைய ஒரே தமையன், நாங்கள் பெரியண்ணை என்று அழைப்பவர், இருக்கிறார். இருவரும் பேசாமல் இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. போக விரும்பிய இடம் ஏதும் உண்டோ என்று டொக்ரர் கேட்ட அன்று, வைத்தியசாலையின் கார்த் தரிப்பிடத்திலேயே நின்று, "பெரியண்ணையட்டைப் போவம்" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் தேவைப்படவுமில்லை. சாவதற்கு முன் தன் தமையனை ஒருமுறை பார்க்க வேண்டிய மனிதர் அவர். அந்தச் 'சாவதற்கு முன்' என்ற பகுதி மட்டும் அவருக்குத் தெரியாது.

அவரோடு ஒரே பக்ரறியில் வேலை செய்து, பின்னர் லொறி ஓட்டப்போன யோகண்ணை, வண்டியை ரிவேர்சில் ஏற்றி நிறுத்தித் தந்தார். அபிக்குக் கண்ணாடிகளைத் திருத்திக் கொடுத்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நாலு தேசிக்காய் எடுத்தாரும்."

எலுமிச்சையை நாங்கள் தேசிக்காய் என்போம். புது வண்டி புறப்படும்போது சக்கரத்துக்கொன்று வைத்து நசுக்கினால் கண்ணூறு கழியும். வாடகை வண்டிக்கு அது பொருந்துமா என்று யாரும் ஆராயவில்லை.

முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த இவர் கையை உயர்த்தினார். "நாலு காணாது யோகண்ணை. பின்னுக்கு இரட்டைச் சில்லு. எண்ணிப் பாருங்கோ, ஆறு."

"பிள்ளையாருக்கு நாலு காணுமப்பா."

"பிள்ளையாருக்குக் காணும். அஞ்சாவது சில்லு என்ன பாவம் செய்தது?"

குளிர்சாதனப் பெட்டியில் ஐந்துதான் இருந்தன. ஆறாவதற்கு நான் தட்டுகளைத் துழாவிக்கொண்டிருக்க, அபி கதவின் உட்புறத்திலிருந்து எதையோ தூக்கிக் காட்டினாள். தேசிக்காய் வடிவத்தில் வார்த்த, மஞ்சள் நிறமான, சாறு அடைத்த பிளாஸ்ரிக் போத்தல்.

"அம்மா, இதுவும் லெமன்தானே? லிட்டரலி லெமன் எண்டு எழுதியிருக்கு."

யோகண்ணை அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "நூறு வீதம் சாறு எண்டு போட்டிருக்கு. மரத்துத் தேசிக்காய்க்கு இப்பிடி ஆர் உத்தரவாதம் குடுக்கிறான்? வையுங்கோ." பெரிய வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து, பின்புற உள்சில்லுக்குக் கீழே தானே அதைச் செருகினார். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது. "அது சரி, உதை ஆர்.வி., ஆர்.வி. எண்டுறியள். விரிவு என்ன?"

"ஆரும் வரலாம்," என்றார் இவர் உடனே.

"அப்ப நானும் வரட்டோ?"

"நீங்கள் ஏறினால் எட்டுச் சில்லு வேணும்."

வண்டி நகர்ந்தது. ஐந்து தேசிக்காய்கள் சத்தமின்றி நசுங்கின. ஆறாவது துப்பாக்கி போல வெடித்தது. அபி அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். மேல் அலுமாரி திறந்து தேயிலைத் தகரப் பேணி என் தோளில் விழுந்தது. எதிர்வீட்டு முதியவர் தண்ணீர்க் குழாயைக் கைவிட்டார். இவர் சிரித்தார். இருமல் வந்து தடுக்கும்வரை சிரித்தார். முன்னிருக்கையில் அவருடைய தோள்கள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் தோள்பட்டை எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன.

என் தொழிலின் சட்டம்

இங்கே வண்டியைச் சற்று நிறுத்திவிட்டு, நான் எதை மறைத்தேன், எப்படி மறைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும்.

நான் அப்போது உரைபெயர்ப்பாளராக வேலை செய்தேன். வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் ஆங்கிலம் தடுமாறும் எங்கள் ஆட்களுக்கு அருகில் அமர்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவர் மொழியில் சொல்லும் வேலை. பயிற்சியின் முதல் நாளே மூன்று கட்டளைகள் தருவார்கள்: கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே. நாலாவதாக ஒன்றும் உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'டொக்ரர் இப்படிச் சொல்லுறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. அந்த அறையில் நீ ஓர் ஆள் இல்லை, குரல் மட்டும்.

சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பது எப்போதும் உண்மையாகிவிடாது என்பதையும் அந்த வேலையில்தான் படித்தேன். ஒருமுறை, மகன் வீட்டைவிட்டுப் போன ஒரு தாய், "எனக்கு வயிறு பத்தி எரியுது டொக்ரர்" என்று அழுதார். நான் அப்போது புதியவள். கட்டளைப்படி அப்படியே சொன்னேன். டொக்ரர் அமிலத்துக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாய் அதை ஒழுங்காக விழுங்கிவந்தார் என்றும் பின்னர் அறிந்தேன். அதை நெடுங்காலம் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன்.

என் கணவருக்கு ஈரலில் புற்று. ஐந்து மாதம் மருந்து ஏற்றிய பிறகு, முடிவு சொல்ல அழைத்திருந்தார்கள். வைத்தியசாலை உரைபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்க முன்வந்தது. வீட்டாரை வைத்துப் பேசக் கூடாது என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. எனக்கே அவை மனப்பாடம். அவர் கையசைத்து மறுத்தார்.

"என்ரை மனிசி இருக்கேக்கை வேறை ஆளேன்? இவதானே இதிலை எக்ஸ்பேட்."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. உலோகத் தகடு அடிக்கும் பக்ரறியில் இருபது வருடம் மேற்பார்வையாளர்களோடு மல்லுக்கட்டிய ஆங்கிலம் இருந்தது. அந்த இயந்திரங்கள் வலது காதை முழுதாகத் தின்றுவிட்டிருந்தன. முக்கியமான பேச்சென்றால் இடது காதை என் பக்கம் திருப்பி, என் முகத்தைப் பார்த்து, நான் சொல்வதை மட்டுமே கேட்பார்.

டொக்ரர் இளம் பெண். கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, மூன்று விஷயங்கள் சொன்னார். மருந்து இனி உதவாது, ஆகவே அதை நிறுத்துகிறேன். இனி உங்களைக் 'கம்ஃபர்ட்டபிள்' ஆக வைத்திருப்பதே என் வேலை. போக விரும்பிய இடம் ஏதும் உண்டா? உண்டென்றால் இந்தக் கோடையே அதற்குக் காலம்.

முதலாவதில் பாதியை விழுங்கினேன். இரண்டாவதற்கு ஒரு சொல் தேடினேன்.

"மருந்தை நிப்பாட்டுறன்," என்றேன். "இனி உங்களைச் சுகமா வைச்சிருப்பன்."

சுகம் என்ற சொல் என் பக்கம் நிற்கும். அகராதியை எடுத்துப் பார்க்கலாம். வசதி, இதம் எல்லாம் அதற்குள் உண்டு. ஆனால் எங்கள் பேச்சில் 'காய்ச்சல் சுகமோ?' என்றால் மாறிவிட்டதா என்று பொருள். 'சுகம் வந்திட்டுது' என்றால் நோய் போய்விட்டது. யாழ்ப்பாணத்து வீடொன்றில் பிறந்த எவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மெய்யாவோ?"

அந்தக் கேள்வியை நான் டொக்ரரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். அதுதான் வேலை. நானே பதில் சொன்னேன். "ஓம்."

அவருடைய சிரிப்பைக் கண்ட அந்த இளம் பெண்ணுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு திடமான மனிதர் என்று என்னிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று மாலை அபி தொலைபேசியில் கேட்டாள். "அம்மா, எக்ஸாக்ட்லி என்ன சொன்னவ? வேர்ட் பை வேர்ட் சொல்லுங்கோ." அந்த ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கணத்தில் விளங்கியிருக்கும். நான் தமிழிலேயே சொன்னேன். அவள் அழுதாள், மகிழ்ச்சியில்.

ஏன் செய்தேன்? அவர் சிரித்து ஐந்து மாதமாகியிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. வழியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்காவது தரித்து நிற்கும்போது, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று எனக்குள் நாள் குறித்திருந்தேன். கல்கரிக்கு முன் சொல்லிவிடவேண்டும். தமையன் முன்னால் அவர் தெரிந்துகொண்டே போய் நிற்கவேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நண்டுக்கறி

முன்பொரு வாரம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடங்களின் பழுதான லிஃப்ற்களைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். உங்கள் கணவரும் அங்கே இருந்தவராயிற்றே, அவர் கதையை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஒத்திவைத்தேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லாம் ஒத்திவைக்கப்படும்.

நான் கனடாவுக்கு வருவதற்கு முந்திய கதை இது. அவர் சொல்லக் கேட்டது. அண்ணனும் தம்பியும் வேறு நால்வரோடு பதினேழாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடொன்றில் இருந்தார்கள். அண்ணருக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. தம்பியின் அகதி வழக்கு விசாரணைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தபோது, ஊரில் தாயார் காலமானார்.

தொலைபேசியை எடுத்தவர் பெரியண்ணை. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குச் சொன்னால் உடைந்துபோவான், விசாரணையில் நா எழாது, வழக்குத் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் கணித்தார். வீட்டிலிருந்த நால்வரிடமும் சத்தியம் வாங்கினார். எட்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாய்க்கு இறுதிக் கடன் செய்ய உரியவன் கடைசி மகன். கடல் கடந்து போயிருக்க முடியாதுதான். ஆனால் துடக்கு என்று ஒன்று உண்டு. மச்சமாமிசம் தொடாமல், கோயில் படி ஏறாமல், வெறும் தரையில் படுத்து அழுவதற்கு ஒரு மகனுக்கு இருக்கும் உரிமை அது. அவரோ விசாரணை வெல்லவேண்டுமென்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். புதுச் சட்டை வாங்கினார். ஊரில் தாயாரைத் தகனம் செய்த அன்று பக்கத்து வீட்டு நண்பர் நண்டுக்கறி கொண்டுவந்தார். பெரியண்ணை தனக்கு வயிறு சரியில்லை என்று தட்டை ஒதுக்கிவிட்டு எதிரே இருந்தார். இவர் ஓடு உடைத்து, காலை உறிஞ்சி, தமையனைப் பகிடி பண்ணிக்கொண்டே சாப்பிட்டாராம். "என்ன அண்ணை, கனடா வந்து நண்டு உடைக்க மறந்துபோச்சோ?"

வழக்கு வென்றது. வெளியே வந்து ட்ராம் வண்டித் தரிப்பில் நின்றபோது பெரியண்ணை சொன்னார்.

இவர் கேட்டது ஒன்றுதான். "எனக்கெண்டு வந்த செய்தியை வைச்சிருக்க நீங்கள் ஆர்?"

வந்த ட்ராமில் ஏறிப் போய்விட்டார். பிறகு ஒருநாளும் தமையனோடு கதைக்கவில்லை. சில வருடங்களில் பெரியண்ணை மேற்கே வேலை தேடிப் போனார். எங்கள் திருமணத்துக்கு ஒரு தந்தி போல இரண்டு வரி வந்தது. நண்டு எங்கள் வீட்டுக்குள் வந்ததேயில்லை.

இந்தக் கதையை எனக்குச் சொன்ன மனிதருக்குத்தான் நான் அந்தச் சொல்லைத் தேர்ந்தேன்.

அஜின்கோர்ட்டில் ஒரு தரிப்பு

வண்டி நேரே வடக்கே போயிருக்கவேண்டும். ஆனால் வழிச்சாப்பாடு இல்லாமல் தமிழர் எவரும் நெடுஞ்சாலை ஏறியதில்லை. அஜின்கோர்ட்டில் வழக்கமாக வாங்கும் கடை இருந்த பிளாசாவில், நான்கு கார்களுக்கான இடத்தைக் குறுக்கே மறித்து, அபி வண்டியை நிறுத்தினாள். தானும் இறங்கி வருவேன் என்றார். காலில் பலமிருப்பதை யாருக்கோ காட்டவேண்டியிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த ரோல்ஸ் அடுக்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதன் கண்ணாடி ஒரு முகக்கண்ணாடி போலவே இருந்தது. இடியப்பம் எடுத்துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். அவரை அடையாளம் காண அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அட, பரமண்ணையே! ஆளே மாறிப்போனியள். சுகமோ?"

"சுகம், சுகம்."

"பெரிய வண்டியெல்லாம் நிக்குது. எங்கை பயணம்?"

"கல்கரிக்கு. அண்ணையட்டை."

"ஐயோ, உங்களை இப்பிடிக் கண்டால் அந்த மனிசன் அழப்போறார்." மனத்தில் கள்ளமில்லாமல்தான் சொன்னார். ஒரு ரோல்ஸ் கூடவும் போட்டுத் தந்தார்.

இவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். ரோல்ஸைப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

வண்டிக்குத் திரும்பி முன்னிருக்கையில் ஏற அவருக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. ஏறிய பிறகு சீற் பெல்ற்றைப் போடவில்லை.

"இஞ்சேரும். கல்கரி வேண்டாம்."

அபி வண்டித் திறப்பில் வைத்த கையோடு நின்றாள். "வட்? அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"இந்தக் கோலத்தோடை அவருக்கு முன்னாலை போய் நிக்கிறதே? இவ்வளவு வருசம் கதையாமல் இருந்திட்டு வருத்தக்காரனாப் போனால் என்ன நினைப்பார்? சாகப்போறான், அதுதான் சமாதானத்துக்கு வந்து நிக்கிறான் எண்டு நினைப்பார். பாவத்துக்கு என்னைக் கட்டிப்பிடிப்பார். அது எனக்கு வேண்டாம்."

"அப்பா, அவர் அப்பிடி எல்லாம்..."

"பொறு பிள்ளை. சுகம் வரட்டும். கொஞ்சம் சதை வைக்கட்டும். அடுத்த வருசச் சமருக்கு நிமிந்து போய்க் கதவைத் தட்டுவன். கையிலை நண்டு. 'அண்ணை, உடைச்சுத் தாங்கோ' எண்டு சொல்லுவன்." அந்தக் காட்சி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது, முகம் மலர்ந்தது. "இஞ்சை பார், ஆர்.வி. எண்டால் இனி 'ஆரும் வரலாம்' இல்லை. 'ஆறுதலா வாறம்'."

எங்கள் பேச்சில் ஆறுதல் என்பது அவசரமின்மை. ஆறுதலாகச் சாப்பிடு, ஆறுதலாக வா. காலம் நிறைய இருக்கிறவர்களின் சொல்.

அபி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நெக்ஸ்ட் சமர் எண்டால் ஓகேயா? டொக்ரர் ஏதும் சொன்னவவே?"

மடியில் ரோல்ஸ் பை சுட்டது. எண்ணெய் கடதாசியில் பரவி என் சேலையைத் தொட்டிருந்தது. வெளியே ஒருவர் எங்கள் வண்டியால் தன் காரை எடுக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் சொல்வதற்கு வைத்திருந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. ஐந்தே சொற்கள். ஆனால் அதைச் சொல்லும்போது அபி ஓட்டுநர் இருக்கையில் இருக்கக் கூடாது. ஹோர்ன் சத்தம் இருக்கக் கூடாது. அவர் இடது காது என் பக்கம் இருக்கவேண்டும். எல்லாம் சரியாக அமையும் ஒரு நேரத்தை நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், அன்று அந்த அறையில் பார்த்தது போல.

"ஓம்," என்றேன். "ஆறுதலாப் போகலாம்."

அபி திறப்பைத் திருப்பினாள்.

ஹூரோன் ஏரிக்கரையில் ஒரு பூங்காவுக்குப் போனோம். நான்கு நாள் இருந்தோம். நல்ல நாட்கள்தாம், அதை எழுதாமல் விடுவதும் குறைப்பதே. முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். நெருப்பில் சோளம் வாட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் வைத்திருந்தார்: அடுத்தமுறை தூண்டில் கொண்டுவரவேணும், அடுத்தமுறை யோகண்ணையையும் ஏற்றவேணும், அடுத்தமுறை அண்ணையையும் இஞ்சை கூட்டிவரவேணும். நான் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதச் சொல்லிக் கேட்டது அவர்தான்.

வீடு திரும்பியபோது ட்ரைவ்வேயில் ஐந்து தேசிக்காய்த் தோல்களும் வெயிலில் காய்ந்து கறுத்திருந்தன. கூட்டி அள்ளினேன்.

கேட்கும் காது

இலைகள் உதிர்ந்து முடிவதற்குள் அவரை வைத்தியசாலையில் விட்டோம். அந்த வார்ட்டில் யாருக்கும் மருந்து ஏற்றுவதில்லை. வலிக்கு மட்டும் கொடுப்பார்கள்.

நான் தேநீர் வாங்கக் கீழே போயிருந்த ஒரு பிற்பகலில், தாதியிடம் அவர் தன் பக்ரறி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று. தாதி கட்டில் ஓரத்தில் அமர்ந்து, நேர்மையாக, அன்பாகப் பதில் சொல்லியிருக்கிறார். அவருக்கு விளங்கியிருக்கிறது. உரைபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவர் இடதுபக்கம் சரிந்து படுத்திருந்தார். எப்போதும் மல்லாந்து படுப்பவர். கேட்கும் காது தலையணைக்குள் புதைந்திருந்தது. "என்னப்பா, தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறன்," என்றேன். மேலே இருந்தது கேளாத காது. இரண்டு நாள் அப்படியே படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "பெரியண்ணையின்ரை நம்பரை எடும்," என்றார். என் தொலைபேசியில் அது இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எடுத்து, அவரைச் சற்றுப் புரட்டி, இடது காதில் நானே பிடித்தேன். அவர் கையால் பிடிக்க முடியவில்லை.

"அண்ணை... நான் பரமு."

மூச்சைக் கூட்டிக்கொண்டு மீண்டும் சொன்னார்.

"அண்ணை, எனக்குத் திரும்பவும் நண்டுக்கறி தந்திட்டினம்."

யார் தந்தது என்று அவர் சொல்லவில்லை. மறுமுனையில் ஒரு வயோதிபர் அழும் சத்தம் கேட்டது. நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த நாள் நண்பகலில் பெரியண்ணை விமானத்தில் வந்து சேர்ந்தார். அதற்குள் இவர் மறுபடி இடதுபக்கம் சரிந்து நினைவிழந்துவிட்டார். பெரியண்ணை, கழற்ற மறந்த குளிரங்கியோடு, கதிரையை வலது பக்கம் இழுத்துப் போட்டுக் குனிந்து பேசத் தொடங்கினார். "தம்பி, நான் உனக்கு நல்லதெண்டுதான் நினைச்சனான்..." அந்தச் செவிடு, அவர்கள் பிரிந்த பிறகு வந்தது. அவருக்கு எப்படித் தெரியும்?

வாசலில் நின்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துப் பேச்சு முழுவதும் கேளாத காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதையும் அப்படியே விட்டுவிட எனக்குள் ஏதோ ஒன்று விரும்பியது. பாவம், பேசி முடிக்கட்டும் என்றது.

"அண்ணை," என்றேன். "அது கேக்காத காது."

அவர் நிமிர்ந்தார்.

"மற்றக் காதுதான் கேக்கும். அது தலையணைக்குள்ளை."

இருவருமாக அவரைப் புரட்டினோம். ஒரு பிள்ளையின் பாரம்கூட இல்லை. பெரியண்ணை கதிரையை மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதலில் இருந்து தொடங்கினார். கேட்கும் புலன்தான் கடைசியாகப் போகும் என்று தாதி ஆங்கிலத்தில் சொன்னார். பெரியண்ணைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை போய்விட்டார்.

எல்லாம் முடிந்து விமான நிலையத்தில் விடை பெறும்போது பெரியண்ணை கேட்டார். "பிள்ளை, நான் எட்டு நாள் ஒளிச்சனான். நீர்?"

"மூண்டு மாசம், அண்ணை."

தலையை ஆட்டினார். பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். பனி உருகிய பங்குனியில், கராஜ் கதவோரத்தில், தட்டையாக நசுங்கிய மஞ்சள் பிளாஸ்ரிக் ஒன்று வெளிப்பட்டது. மற்ற ஐந்தும் போன பிறகு அது மட்டும் வாடாமல், எழுத்தும் அழியாமல், நூறு வீதம் சாறு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அபி இப்போது வாட்டர்லூவிலேயே இருக்கிறாள். கிழமைக்கு இரண்டு முறை அழைக்கிறாள். நான் தமிழில் பதில் சொன்னால், அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லச் சொல்கிறாள். கோபமாக அல்ல, சரிபார்ப்பதற்காக. கல்கரியில் பெரியண்ணை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து, சாப்பிட்டீரோ என்று கேட்பார். சுகமோ என்று மட்டும் கேட்பதில்லை. மில்லிக்கன் வீட்டில் நான் இருக்கிறேன்.